52 கோடி பேரும் பேசுறது ஒரே ஹிந்தியா?

இல்லைங்க. 2011 சென்சஸ்ல வர்ற 52.8 கோடிங்கிறது போஜ்புரி 5 கோடி, ராஜஸ்தானி 2.5 கோடி, சத்தீஸ்கரி 1.6 கோடினு அம்பதுக்கு மேல தாய்மொழிகள உள்ள போட்டு கூட்டுன கணக்கு, ஹிந்தினே சொன்னவங்க மட்டும் பார்த்தா 32 கோடி சொச்சம்தான். ஸ்கூல் புக்லயும் டிவி நியூஸ்லயும் வர்ற ஹிந்தி, டெல்லி மீரட் பக்கம் பேசுற கடீபோலிங்கிற வட்டார வழக்குல இருந்து வளர்ந்தது, உருதுக்கும் அடித்தளம் அதேதான், ஆனா இது தேவநாகரில எழுதுறாங்க அது பாரசீக-அரபு லிபி. துளசிதாசர் ராமர் கதைய பாடுனதே அவதிங்கிற மொழில, கிருஷ்ண பக்திக் கவிஞர் சூர்தாஸ் பாடுனது பிரஜ் மொழில, ரெண்டும் இன்னைக்கு ஹிந்தி கணக்குலதான் (இது கொஞ்சம் ஓவர்னு எனக்குத் தோணும்). பீகார் பக்கம் பேசுற மைதிலி மட்டும் தப்பிச்சுது, 2003 சட்டத்திருத்தத்துல அரசியலமைப்போட மொழிப் பட்டியலான எட்டாவது அட்டவணைக்குள்ள போனதும் தனிக்கணக்கு ஆயிடுச்சு. போஜ்புரிக்காரங்க இன்னும் கேட்டுட்டேதான் இருக்காங்க.