ரஷ்ய எழுத்தும் உச்சரிப்பும்: ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்களுக்கு

கே: மொத்தம் 33 எழுத்து. அகரவரிசையிலேயே மனப்பாடம் செய்யட்டுமா?

ப: வேண்டாம். ஏ, கே, எம், ஓ, டி (T) ஆகிய ஐந்தும் ஆங்கிலத்தில் உள்ள வடிவத்திலேயே, ஏறக்குறைய அதே ஒலியோடு வருகின்றன. அவற்றை முடித்ததும் ஏமாற்றுகிற ஆறு எழுத்துகளுக்குப் போங்கள். இரண்டு வளைவுள்ள 'பி' இங்கே 'வ்'. ஒற்றை வளைவுள்ள 'பி' இங்கே 'ர்'. 'ஹெச்' என்பது 'ந்', 'சி' என்பது 'ஸ்', 'ஒய்' என்பது 'உ'. 'எக்ஸ்' தொண்டையில் உரசி வரும் 'ஹ்'. உணவகப் பலகையில் 'ரிஸ்தரான்' என்று எழுதியிருப்பதை ஆங்கிலக் கண் 'பெக்டோபா' என்று படிக்கும். புது வடிவங்களைவிட இந்த ஆறுதான் அதிக நாள் தொல்லை தரும்; கடைப் பெயர்களை வைத்துப் பழகுங்கள்.

கே: 'டி' எழுத்தை 'ட்' என்றுதானே சொல்ல வேண்டும்?

ப: இல்லை. ஆங்கிலேயர் நாக்குநுனியைப் பல்லுக்கு மேலே உள்ள ஈறில் வைக்கிறார்கள். ரஷ்யர் பல்லிலேயே வைக்கிறார்கள், நம் 'பத்து' போல. அதன் இணையான, ஒலிப்புடைய (தொண்டை அதிர்ந்து வரும்) எழுத்து 'பந்து'வில் வரும் 'து'. 'ந'வும் அப்படியே பல்லில்தான். ஆங்கிலம் வழியாகப் படித்ததால் மட்டுமே நமக்கு இந்தப் பிழை வருகிறது.

கே: சின்ன 'பி'யும் பக்கத்தில் ஒரு கோடும் சேர்ந்தது போன்ற உயிரெழுத்து (ы) வாயில் வரவே மாட்டேன் என்கிறது.

ப: தமிழருக்கு இது எளிது. 'காசு', 'பாட்டு' என்று சொல்லி, கடைசி உகரத்தில் நிறுத்துங்கள். உதடு குவியவில்லை அல்லவா? அந்தக் குற்றியலுகரத்தை அழுத்தி, நாக்கைச் சற்றே முன்னே நகர்த்தினால் போதும். இதை 'இ' ஆக்கினால் 'இருப்பது' என்ற சொல் 'அடிப்பது' ஆகிவிடும்.

கே: மென்மைக் குறிக்கு (ь) ஒலியே இல்லை என்கிறார்களே, பிறகு எதற்கு?

ப: முன்னுள்ள மெய்யை மாற்றத்தான். 'ப்ராத்' என்றால் சகோதரன். கடைசியில் குறி சேர்ந்தால் 'எடுப்பது'. தனியாக 'ய்' ஒட்டாதீர்கள். 'த்' சொல்லும்போதே நடுநாக்கை அண்ணத்தை நோக்கி உயர்த்துங்கள். லேசாக 'ஸ்' வாடை அடித்தால் சரியாக வருகிறது.

கே: 'ஓ' எழுதிவிட்டு மாஸ்கோவை ஏன் 'மஸ்க்வா' என்கிறார்கள்?

ப: அழுத்தம் விழாத 'ஓ' அகரமாகத் தேய்கிறது. பாலுக்கான சொல்லில் மூன்று 'ஓ' இருந்தும் அது 'மலகோ'தான். சாதாரண அச்சில் அழுத்தக்குறி இருக்காது. ஆனால் பொருளே அதில் தொங்கும்: 'ஸாமக்' கோட்டை, 'ஸமோக்' பூட்டு. ஒவ்வொரு புதுச் சொல்லையும் அழுத்தக்குறியோடு சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

கே: உச்சரிப்பைத் தமிழில் எழுதிவைக்கலாமா?

ப: முதல் வாரத்தோடு விட்டுவிடுங்கள். 'தோம்' என்று எழுதினால் அது வீடா, நூலின் தொகுதியா என்று பிறகு உங்களுக்கே தெரியாது. முதல் மெய்யின் ஒலிப்பு மட்டுமே இரண்டையும் பிரிக்கிறது. அதைத் தமிழ் எழுத்து காட்டாது.