ஐந்து கணக்கு வேண்டாம், இரண்டு போதும்

கேள்வி: பிட்ஸ்பர்க்கில் இருக்கிறேன், வயது 31. பகலில் மென்பொருள் வேலை. இரவில் புனைபெயரில் ஃபர்ரி கதைகள் எழுதுகிறேன். மனிதரைப் போல உடுத்தி, வேலைக்குப் போய், காதலித்து, சண்டை போடும் மிருகங்கள்தான் என் பாத்திரங்கள். மலையேறும் இன்க்லைன் ரயில், பறவைகள், ஊறுகாய் போன்ற வேறு கிறுக்குகளும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே இணையக் கணக்கில் போடுவதால், "கதைக்காக வந்தோம், ஊறுகாய் எதற்கு?" என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்காக, மொத்தம் ஐந்து தொடங்கலாமா? அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது.
– நீர்நாய்ப் பிரியை

பதில்: ஐந்து கணக்கா? ஐந்து கடவுச்சொல்லை நினைவு வைத்துக்கொள்ளவே பாதி இரவு போய்விடும், அப்புறம் கதையை எப்போது எழுதுவீர்கள்?

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய கதையைப் படித்தேன். அதில் வரும் நீர்நாய், 1877இல் ஓடத் தொடங்கிய டுகேன் இன்க்லைனில் வேலை பார்க்கிறாள். ஒரு பெட்டி மேலே ஏறினால் இன்னொன்று கீழே இறங்கும். இரண்டையும் இணைப்பது கம்பிவடம். அவள் ஏறுகிறாள், பழைய காதலனான நரி இறங்குகிறான். பாதி வழியில் இரண்டு சன்னலும் ஒரு நொடி நேருக்கு நேர் வருகின்றன. அவள் மடியில் மீன் ஊறுகாய் பாட்டில், அவன் பார்வை அதன் மேல். அவ்வளவுதான், பெட்டிகள் விலகிவிடுகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவோடு அங்கே போய் நிற்காத ஒருவரால் இதை எழுதியிருக்க முடியாது. ஊறுகாய் எதற்கு என்று கேட்டவர்களும் இந்தக் கதையைப் பாராட்டியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் என்ன?

நம் சுஜாதாவை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் பொறியாளர் ரங்கராஜன். எழுதியது மனைவி பெயரில். துப்பறியும் கதை, அறிவியல் கேள்வி பதில், சினிமா வசனம், ஆழ்வார் பாசுரம் எல்லாம் அந்த ஒரே பெயரில்தான். (பேசும் நாய் அவரிடமும் உண்டு, ஆனால் இயந்திர நாய்.) உங்கள் ஃபர்ரி வட்டத்துக்கும் கதம்பம் புதிதல்ல. இணையம் பரவுவதற்கு முன், 1980களில், அமெரிக்க ரசிகர்கள் கதை, படம், சொந்தக் கதை, அடுத்தவர் எழுதியதற்குப் பதில் எல்லாவற்றையும் நகலெடுத்து, ஒரே கட்டாகத் தபாலில் சுற்றுக்கு விட்டவர்கள்தானே. சலித்துக்கொள்பவர்களுக்காக ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு குறிச்சொல் போடுங்கள், வேண்டாதவர்கள் அதை மறைத்துக்கொள்ளட்டும்.

பிரிக்க வேண்டியது ஒன்றுதான். வயது வந்தோருக்கான கதைகளும் எழுதுகிறீர்கள் என்றால் அவற்றுக்கு வேறு பெயர், வேறு கணக்கு. ஃபர் அஃபினிட்டி போன்ற ஃபர்ரி படைப்புத் தளங்களில் ஒவ்வொரு படைப்புக்கும் அது எந்த வயதினருக்கு என்று குறிக்கலாம், சரி. ஆனாலும் பறவைப் படம் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளை தவறிக்கூட அங்கே போய் நிற்க வேண்டாமே.

இனி அலுவலகம். ஃபர்ரி ரசிகர்கள் கூடும் ஆந்த்ரோகான் மாநாடு 2006 முதல் உங்கள் ஊரில்தான் நடக்கிறது. 2024இல் வந்தவர்கள் 17,000க்கும் மேல். ஃபர்சூட் என்ற மிருக வேடம் போட்டு அவர்கள் போகும் ஊர்வலத்தை வேடிக்கை பார்க்க ஊர்க்காரர்கள் குழந்தைகளோடு வந்து நிற்பார்கள், உங்கள் மேலாளரும் அதில் ஒருவராக இருந்திருக்கலாம். அதனால் தெரிந்தால் தலை போய்விடாது. ஆனால் ஃபர்ரி என்றாலே முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள், சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம்.

சொல்ல வேண்டாம் என்றால், மாட்டிவிடுவது பெரும்பாலும் கதை அல்ல, சில்லறை விஷயங்கள். அலுவலக மடிக்கணினியில் அந்தக் கணக்கைத் திறக்காதீர்கள். செல்பேசியில் உள்ள தொடர்பு எண்களைத் தளத்தோடு பகிரும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் "உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்" என்று சக ஊழியருக்கு உங்களைத் தளமே காட்டிக்கொடுக்கும். பறவைப் படங்களில் இருப்பிடத் தகவலை நீக்குங்கள். வீட்டு சன்னலிலிருந்து எடுத்த படங்களைப் போடவே வேண்டாம், பின்னால் தெரிகிற பாலமே முகவரியைச் சொல்லிவிடும். கேட்பவர்களுக்குக் காசு வாங்கி எழுதித் தருவதும் உண்டென்றால், வெளிவேலை பற்றி உங்கள் பணி ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று முதலில் பாருங்கள். என்னைக் கேட்டால், ஊர்வலத்தைவிட இதற்குத்தான் பயப்படுவேன்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த மீன் ஊறுகாய்க்கு அங்கே என்ன மீன் போடுகிறீர்கள்? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.