மகள் தொண்டுக்குப் போகிறாள், வேலை கிடைக்குமா?

அம்மா, உங்கள் கடிதத்தில் மற்ற எல்லாவற்றையும் விட ஒரு வரிதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. "ஊருக்கெல்லாம் ஓடி ஓடிச் செய்யிறாள், நாளைக்கு இவளுக்கு ஆர் வேலை குடுக்கப்போயினம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளையைக் கம்பஸுக்கு அனுப்பிவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிற தாய்மார் பலர் என்னிடம் கேட்பது இதைத்தான், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். மகளை மறிக்க வேண்டாம். ஆனால் இப்போது போகிற மாதிரியே கடைசி வருடமும் போய் முடிந்தால் உங்கள் பயம் பலித்துவிடும்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், புவியியல் படிக்கிற மூன்றாம் வருடப் பிள்ளை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல் மழைக்கு யாழ்ப்பாணம் தண்ணீருக்குள் நின்றபோது நலன்புரி நிலையத்தில் சாப்பாட்டுப் பொதி கொடுத்திருக்கிறாள், சனசமூக நிலையத்தில் பின்னேரங்களில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள், நல்லூர்த் திருவிழா 25 நாளில் நேரம் கிடைத்தபோதெல்லாம் முதலுதவிக் கொட்டிலில் நின்றிருக்கிறாள், இரத்ததான முகாம் என்றால் முதல் ஆள். இவ்வளவும் செய்த பிள்ளையிடம் நேர்முகப் பரீட்சையில் "உமக்கு என்ன வேலை தெரியும்?" என்று கேட்டால் என்ன சொல்வாள்? "சமூக சேவையில் ஈடுபாடு உண்டு" என்பாள். வருகிற எல்லாருடைய சுயவிபரக் கோவையிலும் அந்த வசனம்தான் இருக்கிறது.

பட்டத்தை மட்டும் நம்பிக் காத்திருந்த பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கச்சேரிக்கு முன்னால் பதாகையோடு வெயிலில் இருந்தவர்களை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். 2020 இல் மாதம் 20,000 ரூபாக் கொடுப்பனவோடு பட்டதாரிப் பயிலுனர்களாகச் சேர்த்தார்கள், சரி, ஆனால் அப்படி ஒரு நியமனம் அடுத்தது எப்போது வரும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. உங்கள் மகளின் தொண்டுக்குள்ளேயே ஒரு தொழில் இருக்கிறது. அதைப் பழக இடமும் ஆளும் அங்கேயே இருக்கின்றன, அதிகம் காசும் முடியாது. அவள் அதைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நலன்புரி நிலையத்தையே எடுப்போம். அங்கே சாப்பாடு எப்படியும் வந்துவிடும், பெரிய தலையிடி பட்டியல்தான். விதானையார் (கிராம சேவையாளர்) ஒரு கொப்பியில் எழுதியிருப்பார், கோயில் நிர்வாகம் இன்னொரு தாளில், உதவி கொண்டுவந்த சங்கம் தங்கள் போனில் ஒன்று. ஒரே குடும்பம் தகப்பன் பெயரில் ஒருதரம், தாய் பெயரில் ஒருதரம், முதலெழுத்து மாறி இன்னொருதரம் என்று வரும், கேட்கக் கூச்சப்பட்டு மூலையில் இருக்கிற கிழவியின் பெயர் ஒன்றிலும் இராது. இதை நேராக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று இருந்தால் பிரதேச செயலக உத்தியோகத்தரே கதிரை இழுத்துப் போட்டு இருத்துவார்.

அதற்கு எக்செல் தெரிய வேண்டும், அதுவும் வடிவாகத் தெரிய வேண்டும். பெயரை விட்டுவிட்டு, ஒவ்வொரு குடும்பத்திலும் தகப்பன், தாய் இருவரின் அடையாள அட்டை இலக்கத்தையும் பிடித்தால் இரட்டைப் பதிவு வெளியே வரும். ஆனால் புதிய அட்டையின் 12 இலக்கத்தை அப்படியே அடித்தால் எக்செல் அதைப் புள்ளியும் ஆங்கில எழுத்தும் போட்டுச் சுருக்கிக் காட்டிவிடும், ஆகவே அந்த நிரலை முதலே எழுத்து வடிவத்துக்கு மாற்றி வைக்க வேண்டும். பழைய அட்டைக்காரருக்கு 9 இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். புதியதில் முதல் நாலும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். இது தெரிந்த பிள்ளை, வந்திருக்கிற சனத்தைத் திரும்ப வரிசையில் விட்டுக் கேள்வி கேட்காமலே, பெண்கள் எத்தனை பேர், 60 வயது தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று பத்து நிமிடத்தில் பிரித்துக் கொடுத்துவிடும். மருந்தும் பெண்களுக்கான பொருட்களும் எவ்வளவு தேவை என்று கணக்குப் பார்ப்பவர்கள் அந்தத் தாளுக்காகத்தான் காத்திருப்பார்கள். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்: அந்தப் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. மற்றவரின் இலக்கமும் விலாசமும் அவள் கையில் இருக்கிற அடைக்கலப் பொருள், 2022 இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று சட்டமே வந்துவிட்டது.

எக்செலுக்கு அடுத்ததாக கோபோ டூல்பொக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. உதவி நிறுவனங்கள் கள விபரம் எடுக்கப் பாவிக்கிற மென்பொருள். தமிழிலேயே படிவம் செய்யலாம், சிக்னல் இல்லாத இடத்தில் போனில் நிரப்பிவிட்டு வீட்டுக்கு வந்து ஏற்றலாம், இவளைப் போன்ற மாணவர்கள் இலவசமாகவே தொடங்கலாம். ஒரு சனி ஞாயிறு இருந்தால் பழகிவிடுவாள்.

அப்புறம் அவள் புவியியல் பிள்ளை, இதை நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள், எனக்கு அதுதான் இதில் பெரிய மூலதனம். இடங்களின் விபரத்தைக் கணினியில் வரைபடமாக்குகிற புவியியல் தகவல் முறைமை என்று ஒரு பாடம் அவளுக்கு வகுப்பில் வந்திருக்கும். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளை மடிக்கணினியில் இறக்கி, பரீட்சைக்கான பயிற்சியோடு நிற்காமல், உங்கள் சொந்த விதானையார் பிரிவுக்கு ஒரு வரைபடம் போடச் சொல்லுங்கள். எந்த ஒழுங்கையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது, எந்தக் கிணறுகளுக்குள் வெள்ளம் இறங்கியது, எந்த மதகு அடைபட்டது, நடக்க மாட்டாத முதியவர்கள் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று அவளுக்கு நடந்து திரிந்தே தெரியும். 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம், சுனாமிக்குப் பிறகு வந்ததே, அதன்படி உண்டான அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு மாவட்ட மட்டத்திலும் அலகு இருக்கிறது. அந்த வரைபடத்தை மாரிக்கு முன் அங்கே கொண்டுபோய்க் காட்டட்டும். கையில் வேலையோடு போகிற பிள்ளையை அலுவலகத்தில் நடத்துகிற விதம் வேறு, "ஏதாவது உதவி செய்யலாமா" என்று வெறுங்கையோடு போகிறவரை நடத்துகிற விதம் வேறு.

முதலுதவிக் கொட்டில் விஷயத்தில் அவளிடம் நேராகவே கேளுங்கள், பயிற்சியை முழுதாக முடித்தாளா, அல்லது தண்ணீர் கொடுக்கவும் ஆளைத் தாங்கிப் பிடிக்கவும் மட்டும் நின்றாளா என்று. செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்ஸும் பயிற்சி கொடுக்கின்றன, நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கிற பயிற்சி வரை முடித்துச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அதோடு உளவியல் முதலுதவியும் படித்தால் நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2011 இல் வெளியிட்ட கையேடு அதைப் பார், கேள், இணை என்று மூன்றாகச் சொல்கிறது. எங்கள் ஊரில் கதைக்க ஆள் இல்லாமல் இருக்கிற சனம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும், அவர்களோடு எப்படிக் கதைப்பது, எதைக் கேட்கக் கூடாது, எப்போது வைத்தியரிடம் அனுப்புவது என்று பழகாமல் நல்ல மனதோடு மட்டும் போனால் சிலவேளை காயம் கூடிவிடும்.

சிங்களம். இதைச் சொன்னால் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். 2007 யூலைக்குப் பிறகு அரச சேவைக்கு வந்தவர்கள் இரண்டாவது அரசகரும மொழியில் தகைமை பெற வேண்டும் என்பது விதி. வேலை கிடைத்த பிறகு குழந்தையையும் வைத்துக்கொண்டு படிப்பதை விட இப்போது படிப்பது இலகு. ஆங்கிலமும் சேர்ந்தால் மொழிபெயர்ப்பு என்ற வாசல் திறக்கும். ஐக்கிய நாடுகள் தொண்டர் அமைப்பில் 18 வயது தாண்டியவர்கள் வீட்டில் இருந்தபடியே இணையவழித் தொண்டு செய்ய ஒரு சேவை இருக்கிறது, மொழிபெயர்ப்பு வேலைகளும் அதில் வரும். இரவு ஏழு மணிக்கு மகள் வெளியே நிற்கிறாளே என்கிற உங்கள் கவலைக்கும் அது கொஞ்சம் மருந்து. அந்தக் கவலை நியாயமானது, போகிற இடமும் கூடப் போகிற ஆளும் வருகிற நேரமும் வீட்டுக்குத் தெரிய வேண்டும் என்று சொல்வதில் ஒரு பிழையும் இல்லை.

சான்றிதழ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தேசிய தொழில் தகைமை, என்.வி.கியூ என்று சொல்கிறார்களே, அது 7 மட்டம். நாலு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். பட்டம் படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு என்று நினைக்காதீர்கள், கணினித் துறையில் ஒரு நாலாம் மட்டம் கையில் இருந்தால் கலைப்பீடப் பிள்ளைக்கு நல்ல துணை. யாழ்ப்பாணம் தொழில்நுட்பக் கல்லூரியிலும் தொழிற்பயிற்சி அதிகார சபையிலும் பகுதிநேரமாக என்ன நடக்கிறது என்று நேரில் போய் விசாரியுங்கள். வேலை செய்தே பழகியவர்களுக்கு, வகுப்புக்குப் போகாமல், செய்த வேலையை மதிப்பிட்டுச் சான்றிதழ் கொடுக்கிற வழியும் அதில் உண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக நடத்துகிற கணினிப் பாடநெறிகளும் இருக்கின்றன.

ஆனால் ஹோட்டல் மண்டபத்தில் ஒருநாள் செயலமர்வு வைத்து, ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு, மாலை போட்டு, கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய சான்றிதழ் கொடுக்கிற இடங்களுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அப்படி ஒரு கட்டுச் சான்றிதழோடு வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும், நேர்முகத்தில் அதை ஒருவரும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை, பாவம், தாய் நகையை அடகு வைத்துக் கட்டிய காசு. தொழிற்பயிற்சி நிறுவனம் என்றால் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்க வேண்டும், அதன் இணையத்தளத்தில் பார்த்துவிட்டுக் காசு கட்டுங்கள்.

இவ்வளவுக்கும் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். வரவு 80 வீதத்துக்குக் கீழே போனால் பரீட்சைக்கு விடமாட்டார்கள், அதில் விளையாட்டே இல்லை. ஆகவே சிலதை விட வேண்டும். படம் எடுத்துப் போடுவதற்கென்றே நடக்கிற பொருள் வழங்கல் நிகழ்வுகளை முதலில் விடட்டும், அங்கே அவள் இல்லாவிட்டாலும் பொதி போய்ச் சேரும். சனசமூக நிலைய வகுப்பை விட வேண்டாம். அந்தப் பிள்ளைகள் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், படிப்பித்துப் பழகிய பிள்ளைக்குக் கூட்டத்தில் எழும்பிக் கதைக்கிற பயமும் போய்விடும்.

தொண்டு நிறுவன வேலையை மட்டும் குறிவைக்கவும் வேண்டாம். 2025 தொடக்கத்தில் அமெரிக்க உதவி நின்றபோது வடக்கில் நல்ல பிள்ளைகளும் ஒரே மாதத்தில் வேலை இழந்தார்கள். தரவும் வரைபடமும் மொழியும் தெரிந்த பிள்ளை வங்கிக்கும் போகலாம், காப்புறுதிக்கும் போகலாம், முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றுகிற நிறுவனங்களின் அலுவலகத்துக்கும் போகலாம், நிர்வாக சேவைப் பரீட்சைக்கும் இருக்கலாம்.

சுயவிபரக் கோவையில் எழுதும்போது "வெள்ள நிவாரணப் பணியில் பங்கேற்றேன்" என்று எழுதாமல், எந்த நிலையம், எத்தனை குடும்பத்தின் பதிவு, எந்த மென்பொருள், முடிவில் பட்டியலை யாரிடம் கொடுத்தாள் என்று எழுதட்டும். உண்மையான எண்ணைத்தான் போட வேண்டும், கூட்டிப் போட்டால் இரண்டாவது கேள்வியில் பிடித்துவிடுவார்கள். பல்கலைக்கழகத்திலேயே தொழில் வழிகாட்டல் அலகு இருக்கிறது, கடைசி வருடம் வரை அந்தப் பக்கம் போகாத பிள்ளைகள்தான் அதிகம். இந்தக் கிழமையே போய், எழுதியதை அவர்களிடம் காட்டித் திருத்தட்டும்.

இன்னொன்று, இதுவரை செய்த வேலைக்கெல்லாம் பிரதேச செயலகம், பாடசாலை, சனசமூக நிலையம் என்று ஒவ்வொரு இடத்திலும் கடிதம் வாங்க வேண்டும், திகதியும் செய்த வேலையும் பெயர் சொல்லி எழுதிய கடிதமாக. வெள்ளத்தின்போது அவளை வைத்து வேலை வாங்கிய உத்தியோகத்தர் இன்னும் அந்தக் கதிரையில் இருக்கிறாரா என்று நாளைக்கே விசாரிக்கச் சொல்லுங்கள், இடமாற்றம் வந்துவிட்டால் புதிதாக வருபவருக்கு உங்கள் மகளைத் தெரியாது.