ஐரிஷ் செஷனில் (ஐரிஷ் நாட்டார் இசையைப் பலர் கூடி உட்கார்ந்து வாசிக்கும் இடம்) வாசிக்கக் கைவேலை டின் விசில் (ஆறு துளைச் சிறு குழல்) வாங்குவதென்றால் எதை வாங்கலாம்? விலைக்கேற்ற வித்தியாசம் உண்மையில் உண்டா?

உங்களிடம் இப்போது ஜெனரேஷன், ஃபியடோக் போன்ற மலிவு விசில் ஒன்று இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். ட்யூன்கள் கைக்கு வந்துவிட்டன. ஆனால் மேல் ஸ்தாயி கீச்சிடுகிறது, அல்லது பக்கத்து ஃபிடிலோடு சுருதி ஒட்டவில்லை. அதனால்தான் கூடுதலாகச் செலவழிக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

வித்தியாசம் உண்டு. ஹை டி (டி சுருதியில் உள்ள வழக்கமான சிறிய விசில்) என்றால் என் முதல் தேர்வு அமெரிக்கரான ஜான் சிண்ட் செய்த பித்தளை விசில். அது கிடைக்காவிட்டால் மைக்கேல் பர்க்கின் பித்தளை விசில். லோ டி (அதற்கு ஒரு ஸ்தாயி கீழான நீண்ட விசில்) என்றால் ஜெர்மனியில் இருந்து வரும் காலின் கோல்டியின் விசில். இது என் விருப்பம்தான். கோப்லேண்ட், ஏபெல் ஆகியோர் செய்யும் விசில்களை விரும்புகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

"பத்து யூரோ விசிலிலேயே பெரிய வித்வான்கள் வாசிக்கிறார்களே" என்று கீழே யாராவது எழுதுவார்கள். உண்மைதான். பழைய ஐரிஷ் ஒலிப்பதிவுகளில் ஒலிப்பவை பெரும்பாலும் மலிவு விசில்களே. ஆனால் அவர்கள் கடையில் பல விசில்களை ஊதிப் பார்த்து நல்ல ஒன்றைப் பொறுக்கினார்கள். மலிவு விசிலின் தலைப்பகுதி பெரும்பாலும் அச்சில் வார்த்த பிளாஸ்டிக். வார்ப்புக்கு வார்ப்பு ஓரங்கள் மாறும், பிசிறு நிற்கும். கைவேலைக்காரரிடம் நீங்கள் காசு கொடுப்பது அந்தப் பொறுக்கும் வேலையை அவரே செய்து கொடுப்பதற்காகத்தான்.

எனவே முதலில் இருப்பதைச் சரிசெய்து பாருங்கள். தலையைச் சூடான நீரில் சிறிது நேரம் வைத்தால் பசை இளகும், மெல்லத் திருகினால் கழன்று வரும். ஜன்னலுக்கு (தலையில் ஒலி பிறக்கும் திறப்பு) கீழே, காற்றுப் பாதையின் (மூச்சு ஜன்னலுக்குச் செல்லும் வழி) தளத்துக்கு அடியில் வெற்றிடமாக ஒரு குழி இருக்கும். அதைப் ப்ளூ டேக் போன்ற ஒட்டும் களிம்பால் நிரப்புங்கள். களிம்பு தளத்தோடு சமமாக நிற்க வேண்டும், ஜன்னலுக்குள் துருத்தினால் ஒலி செத்துவிடும். இது ஒன்றிலேயே மேல் ஸ்தாயி பல விசில்களில் அடங்கிவிடுகிறது. தலை கழன்றதால் சுருதியையும் நகர்த்திக்கொள்ளலாம். இதற்குப் பிறகும் போதவில்லை என்றால் தொடர்ந்து படியுங்கள்.

வாங்கும்போது உலோகத்தைப் பார்க்காதீர்கள். பித்தளைக்கு இனிமை, அலுமினியத்துக்குக் கூர்மை என்று கடைக்காரர்கள் சொல்வதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒலியை முடிவு செய்பவை காற்றுப் பாதையின் உயரம், ஜன்னலின் அளவு, காற்று மோதும் பிளேடின் கூர்மை, குழாயின் உள்விட்டம். காற்றுப் பாதையின் உயரம் ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும், அதில் ஒரு முடியளவு மாறினாலும் வாசிப்பவருக்குத் தெரியும். பாதை குறுகலானால் காற்று எதிர்த்து நிற்கும், நீண்ட வரியை ஒரே மூச்சில் இழுக்கலாம், ஆனால் அழுத்தம் கொடுத்து ஊத வேண்டும். அகலமானால் ஊதுவது எளிது, பாதி வரியிலேயே மூச்சு தீர்ந்துவிடும். எனவே உங்கள் மூச்சு எப்படிப்பட்டது என்பதுதான் முதல் கேள்வி.

சிண்ட் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதிகச் சத்தம் இல்லை, மேல் ஸ்தாயி ஏ, பி சுரங்கள் மென்மையாக ஊதினாலும் நிற்கும், ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் லேசான உரசல் கேட்கும். ரீல் என்னும் வேக நடன இசை வாசிக்கும்போது அந்த உரசல்தான் தாளத்தைத் தூக்கிக் காட்டுகிறது. பர்க் இன்னும் சுத்தமான ஒலி, கீழ் ஸ்தாயி கனம், சத்தமும் கொஞ்சம் கூட. மேடைக்கு நல்லது. சிலருக்கு அந்தச் சுத்தமே பிடிக்காது. கோப்லேண்ட் கூம்பு வடிவக் குழாய், நிறைந்த ஒலி, ஆனால் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கும் சிறிய செஷனில் அது எல்லோரையும் மூடிவிடும்.

கையில் எடுத்துச் சோதிக்க முடிந்தால் இப்படிச் செய்யுங்கள். ஆறு துளையையும் மூடி, அடி டி-யை மெல்ல ஊதத் தொடங்கி, அது மேல் ஸ்தாயிக்குத் தாவும்வரை மூச்சைக் கூட்டுங்கள். தாவுவதற்கு முன் அந்தச் சுரம் எவ்வளவு அழுத்தம் தாங்குகிறது என்பதைக் கவனியுங்கள். மூச்சு சற்றே கூடியதும் தாவிவிடும் விசிலில் ஜிக் என்னும் வேகமான நடன இசை வாசிக்க முடியாது. அடுத்து மேல் ஸ்தாயி பி-யை முடிந்தவரை மென்மையாக ஊதுங்கள். கத்தினால்தான் வரும் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைசியாக சி நேச்சுரல். கர்நாடக இசை தெரிந்தவர்களுக்குச் சொன்னால், ஹை டி விசில் இரண்டு கட்டை, விரல்களை வரிசையாக எடுத்தால் சங்கராபரணம் வரும், இந்த சி நேச்சுரல் அங்கே கைசிகி நிஷாதம். மேலிருந்து முதல் துளையைத் திறந்து, இரண்டாவதையும் மூன்றாவதையும் மூடி, மீதி மூன்றையும் திறந்து ஊதி ட்யூனரில் பாருங்கள். செஷனில் பல ட்யூன்கள் ஜி மேஜரில் இருக்கும், எனவே இந்தச் சுரம் பிசகினால் தினமும் உறுத்தும். சற்றே ஏறி நின்றால் கீழே இன்னொரு விரலை மூடிச் சரிக்கட்டலாம். இறங்கி நின்றால் சரிக்கட்டுவது கடினம்.

ஸ்லைடு (சுருதி சேர்க்க இழுத்து நகர்த்தும் இணைப்பு) உள்ள விசிலா, இல்லாததா? செஷனுக்கு ஸ்லைடு உள்ளதையே வாங்குங்கள். வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தால் சுருதி சுமார் 3 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) இறங்கும். குளிர்ந்த வண்டியிலிருந்து எடுத்த விசில் 30 சென்ட் கீழே நிற்பது சாதாரணம். ஆனால் ஸ்லைடை நம்பி எவ்வளவும் இழுக்க முடியாது. ஹை டி-யில் 3 மி.மீ. வெளியே இழுத்தால் அடி டி சுமார் 18 சென்ட் இறங்கும், அதே இழுப்பில் பி சுமார் 30 சென்ட் இறங்கிவிடும். அப்புறம் விசிலுக்குள்ளேயே சுருதி சேராது. எனவே முதலில் கைக்குள் வைத்துச் சூடாக்குங்கள், பிறகு ஸ்லைடைத் தொடுங்கள். இரண்டு விசில்கள் சேர்ந்து வாசிக்கும்போது இது இன்னும் முக்கியம். 1000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் 10 சென்ட் விலகினாலே நொடிக்கு ஆறு முறை அதிர்ந்து காதைக் குத்தும்.

மரத்தில் வேண்டும் என்றால் அமெரிக்காவின் வட கரோலினாவில் கிறிஸ் ஏபெல் ஆப்பிரிக்கக் கருமரத்தில் செய்யும் விசில். ரெக்கார்டர் பக்கம் சாயும் வட்டமான ஒலி. அழகானது. ஆனால் பராமரிப்பு உண்டு. முதல் சில வாரம் நாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வாசிக்கக் கூடாது, உள்ளே துடைத்துக் காயவிட வேண்டும், வறண்ட ஊரில் வெடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 2017 ஜனவரியில் இந்த மரம் சைட்டிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்துக்கான உலக ஒப்பந்தம்) கட்டுப்பாட்டுக்குள் வந்ததால் எல்லை தாண்டி அனுப்புவது தலைவலியாக இருந்தது. 2019 இறுதியிலிருந்து செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு உண்டு.

லோ டி தனி விஷயம். இன்று நாம் காணும் உலோக லோ விசில் 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பெர்னார்ட் ஓவர்ட்டன், ஐரிஷ் இசைக்கலைஞர் ஃபின்பார் ஃப்யூரிக்காக அலுமினியத்தில் செய்ததிலிருந்து வருகிறது. ஃப்யூரியிடம் இருந்த இந்திய மூங்கில் குழல் உடைந்துபோனதால்தான் அந்த வேலையே தொடங்கியது. ஓவர்ட்டன் வடிவத்தைத் தொடர்ந்து செய்பவர் கோல்டி. மென்மையாக ஊதுபவர், நடுத்தரம், அழுத்தி ஊதுபவர் என்று மூச்சுக்கேற்பக் காற்றுப் பாதையை அமைத்துத் தருவார். முதல் லோ விசில் என்றால் நடுத்தரம் கேளுங்கள். கிளாஸ்கோவில் மிஷா சோமர்வில் செய்யும் எம்கே இன்னொரு நல்ல தேர்வு. எளிதில் பேசும், ஒலியில் காற்று கலந்திருக்கும், ஏர் எனப்படும் மெதுவான மெட்டுகளுக்கு அற்புதம். எனக்கு கோல்டியின் எதிர்ப்புப் பிடிக்கும், அவ்வளவுதான். நீளம் 60 செ.மீ. பக்கம் வரும். விரல் நுனியால் துளைகளை மூட முயன்றால் கை வலிக்கும். பைப்பர்கள் (பைக்குழல் வாசிப்பவர்கள்) போல விரலின் நடுப்பகுதியால் மூடப் பழகுங்கள்.

அலுமினியத் தலையில் நீர் கோத்துக்கொள்ளும், குறுகலான பாதையில் இன்னும் அதிகம். ஊதுவதற்கு முன் தலையை அக்குளிலோ பையிலோ சூடாக்குங்கள். அடைத்தால் ஜன்னலை விரலால் மூடிப் பலமாக ஊதுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளியை நீரில் கலந்து பாதைக்குள் விட்டுக் காயவைத்தால் நீர் துளியாகத் திரளாமல் வழிந்துவிடும். ஊசி, கம்பி, கத்தி எதையும் உள்ளே விடாதீர்கள். ஒரு காகிதக் கீற்று போதும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மேடையில் ஒலிப்பதிவாளர்கள் கிளாரினெட் என்று நினைத்துக்கொண்டு மைக்கை விசிலின் அடிமுனையில் வைக்கிறார்கள். ஒலி முக்கியமாக வருவது ஜன்னலிலிருந்தும் திறந்த துளைகளிலிருந்தும். மைக்கை ஜன்னலுக்கும் மேல் துளைகளை மூடும் கைக்கும் இடையே, 15-20 செ.மீ. தள்ளி, மூச்சுக் காற்று நேரே படாமல் வைக்கச் சொல்லுங்கள். சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். முந்நூறு யூரோ விசிலும் பத்து யூரோ விசிலும் அந்த மைக்கில் ஒரே மாதிரி கேட்டால் குற்றம் வாசிப்பவர் மேல் விழுகிறது. இது நியாயமே இல்லை.

புதிதாக ஆர்டர் கொடுத்தால் பல மாதம் காத்திருக்க நேரலாம், சிலர் ஆர்டரே எடுக்காத காலமும் உண்டு. பழையது வாங்கத் தயங்காதீர்கள். பிளேடின் முனையை வெளிச்சத்தில் பாருங்கள், நெளிவோ பள்ளமோ இருந்தால் வேண்டாம். ஸ்லைடு திருகும்போது தளர்ந்து ஆடக் கூடாது. குழாய் கறுத்திருந்தால் அது வெறும் நிறம், அதற்காக விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம்.