யூரியா எதற்கு என்று உங்கள் மகளிடம் கேட்டுப் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் அல்சூரிலிருந்து நீங்கள் வந்து கொடுத்துவிட்டுப் போன உங்கள் மகளின் எம்.எஸ்சி. திட்ட அறிக்கையை முழுவதும் படித்தேன். 'பீட்டா-டைகீட்டோன் ஈனிகளைக் கொண்ட உலோக அணைவுச் சேர்மங்களின் தொகுப்பும் ஆய்வும்' என்ற தலைப்பைக் காட்டி, "இதற்கு எங்கே சார் வேலை, பேசாமல் சாப்ட்வேர் கோர்ஸில் சேர்த்துவிடட்டுமா?" என்று கேட்டீர்கள். (ஈனி என்பது உலோக அணுவைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறு அல்லது அயனி; இரண்டும் சேர்ந்ததே அணைவுச் சேர்மம்.) வீட்டுக்கு ஒருவர் ஐ.டி.யில் இருக்கும் பெங்களூரில் அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால், தலைப்பை வைத்து முடிவெடுப்பதற்கு முன், அந்த வேலையில் எவ்வளவு அவர் கைப்பட நடந்தது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். பீட்டா-டைகீட்டோன்களில் எளிமையானதான அசிட்டைல் அசிட்டோன், ஒரு புரோட்டானை இழந்தபின் தன் இரண்டு ஆக்சிஜன்களாலும் உலோகத்தைக் கவ்விப் பிடித்து ஆறு அணுக்கள் கொண்ட வளையத்தை உண்டாக்கும் என்பது ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அறிந்த செய்தி. பெரும்பாலான உலோகங்கள் அதனுடன் சேர்மம் தருவதால், செம்பை நிக்கலாக மாற்றி இன்னொரு அறிக்கை எழுதுவது கடினமே இல்லை. அத்தகைய அறிக்கைகள் என் மேசைக்கு ஆண்டுதோறும் வருகின்றன.

உங்கள் மகளின் அறிக்கையில் என்னை நிறுத்தியது 14ஆம் பக்கம். குரோமியம் குளோரைடு, அசிட்டைல் அசிட்டோன், யூரியா மூன்றையும் நீரில் கலந்து நீராவிக் குளியலில் சூடாக்க, செவ்வூதா நிறப் படிகங்கள் கிடைத்ததாக எழுதியிருக்கிறார். நான் மாணவனாக இருந்தபோது, யூரியாவுக்காகக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் அமோனியாவை நேரடியாக ஊற்றினேன். படிகத்துக்குப் பதில் குரோமியம் ஹைட்ராக்சைடு பச்சைச் சேறாகக் குடுவையின் அடியில் தங்கியது. யூரியா சூட்டில் மெல்ல மெல்லச் சிதைந்து, புரோட்டானைப் பறிக்கும் காரமான அமோனியாவை விடுவதால்தான், ஈனி புரோட்டானை இழந்து உலோகத்தைப் பிடிப்பதற்கு அவகாசம் கிடைக்கிறது. இன்று இரவு சாப்பிடும்போது, "யூரியா எதற்கம்மா?" என்று மட்டும் கேளுங்கள். தடுமாறாமல் விளக்கினால், அவர் செய்முறைத் தாளைப் பார்த்து ஊற்றியவர் அல்ல என்று நம்பலாம். நேர்முகத் தேர்விலும் இதுபோன்ற கேள்விகள்தான் வரும்.

அடுத்த கேள்வியை நான் கேட்டுக்கொள்கிறேன். இந்தச் சேர்மத்தில் குரோமியத்துக்கு உள்ள மூன்று தனித்த (இணை சேராத) எலக்ட்ரான்களுக்குக் கணக்குப்படி வரவேண்டிய காந்தத் திருப்புத்திறன், அதாவது காந்த வலிமை, 3.87 போர் மேக்னட்டான் (அதை அளக்கும் அலகு). அவருடைய அளவீடு அதை ஒட்டியே இருக்கிறது. அகச்சிவப்பு நிறமாலையும் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் மாதிரியை அவரே எடையிட்டுக் கருவியில் வைத்தாரா, வெளியே அனுப்பி முடிவை வாங்கினாரா என்பதை அறிக்கை சொல்லவில்லை. வேலை தருபவர் பார்ப்பது இதைத்தான்.

இனி வழிகள். ஆராய்ச்சியில் விருப்பமிருந்தால், இதே ஈனிகள் இன்றைய ஆய்வுகளுக்கும் கதவு திறக்கின்றன. யூரோப்பியத்தோடு சேர்ந்த பல பீட்டா-டைகீட்டோன் சேர்மங்கள், புற ஊதா ஒளியில் 612 நானோமீட்டர் அருகே பளிச்செனச் சிவப்பாக ஒளிர்கின்றன. ஒளியை உறிஞ்சி உலோகத்திடம் ஒப்படைப்பது ஈனி. வேறு சில, சூடாக்கினால் ஆவியாகி, பரப்பின்மேல் ஆக்சைடு மென்படலமாகப் படியும். ஊர்க்காரர்கள் டாடா இன்ஸ்டிட்யூட் என்று அழைக்கும் இந்திய அறிவியல் கழகத்திலேயே இத்துறையில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றால், 2023 ஜனவரி முதல் உயர்த்தப்பட்ட விகிதப்படி, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் உண்டு. முனைவர் பட்டத்துக்கு ஐந்தாண்டுகள் வரை ஆகலாம் என்பதையும் வீட்டில் பேசிவிடுங்கள்.

உடனே வேலை வேண்டுமென்றால், பொம்மசந்திரா, ஜிகனி பக்கம் உள்ள மருந்து மற்றும் ஒப்பந்த ஆய்வு நிறுவனங்களைப் பார்க்கலாம். அங்கே உலோக வேதியியல் வீணாகாது. பல்லேடியம் வினையூக்கி கொண்டு தயாரிக்கும் மருந்தில் அந்த உலோகம் எச்சமாகத் தங்கிவிடக்கூடும். வாய்வழி மருந்தில் அது நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது சர்வதேச நெறிமுறை. அதை அளக்கும் பகுப்பாய்வுக் கூடங்களுக்கு, கருவியைத் தொட்டுப் பழகிய ஆட்கள் தேவை.

சாப்ட்வேர் பயிற்சிக்கு நான் எதிரியல்ல. அளவீடுகளை வரைபடமாக்கும் அளவுக்குப் பைத்தான் என்ற கணினி நிரல்மொழியைக் கற்றுக்கொள்வது நல்லது. அதற்கு லட்சக்கணக்கில் கட்ட வேண்டியதில்லை.

அடுத்த முறை அவர் தனியாகவே வரட்டும். பொன்னெழுத்துப் பொறித்துக் கட்டிய அறிக்கை வேண்டாம்; அமிலக் கறை படிந்த ஆய்வகக் குறிப்பேட்டை எடுத்துவரச் சொல்லுங்கள்.