வாசலில் ஒரு தடை – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் சிங்கப்பூரில் செங்காங் வட்டாரத்தில் வசிக்கிறேன். வயது 41. துவாஸில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை. வீடு திரும்ப இரவு எட்டு மணியாகிவிடும். சாப்பிட்டுவிட்டுப் பத்து நிமிடம் பார்க்கலாம் என்று கைப்பேசியை எடுப்பேன். நிமிரும்போது மணி ஒன்றாகியிருக்கும். இன்ஸ்டகிராமை நான்கு முறை நீக்கி, நான்கு முறையும் திரும்ப ஏற்றிக்கொண்டேன். சென்ற வாரம், தொடக்கநிலை மூன்றில் படிக்கும் என் மகள் சொல்வதெழுதுதல் தாளில் கையெழுத்து வாங்க வந்தாள். அவள் என்னைக் கூப்பிடவில்லை. தாளை நேராகக் கைப்பேசித் திரையின் மேல் வைத்தாள். அங்கே வைத்தால்தான் என் கண்ணில் படும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சிகரெட்டை ஒரே நாளில் விட்டவன் நான். இதை ஏன் விட முடியவில்லை? என் மனஉறுதி போய்விட்டதா? மகளிடம் என்ன சொல்வது?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் தாளை வைத்த இடத்தைப் படித்ததும், மேலே படிக்க முடியாமல் சற்று நேரம் நிறுத்திவிட்டேன். அதை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி.

மனஉறுதி போய்விட்டதா என்று கேட்கிறீர்கள். போகவில்லை. ஒரு சிகரெட் எரிந்து முடிந்துவிடும். அடுத்ததைப் பற்றவைப்பதற்குமுன் ஒரு கணமாவது கை நிற்கும். பெட்டி தீர்ந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே கடைக்கு இறங்க வேண்டும். உங்கள் உறுதிக்குக் கால் ஊன்ற அத்தனை இடங்கள் இருந்தன. திரையில் அந்த இடங்களை எடுத்துவிட்டார்கள். முன்பெல்லாம் இணையப் பக்கத்தின் அடியில் ‘அடுத்த பக்கம்’ என்று இருக்கும். வேண்டுமா என்று நினைத்துத்தான் அழுத்துவோம். பக்கம் முடியாமல் தானாகவே நீண்டுகொண்டு போகும் முறையை 2006இல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கினார். பின்னாளில் அதற்காக அவரே வெளிப்படையாக வருந்தினார்.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளில், ஒவ்வொரு கொத்தலுக்கும் தீனி பெற்ற புறா, தீனி நின்றதும் விரைவில் ஓய்ந்துவிட்டது. எந்தக் கொத்தலுக்குத் தீனி விழும் என்று தெரியாத புறாவோ விடாமல் கொத்திக்கொண்டே இருந்தது. இருபது காணொளிகளில் பத்தொன்பது ஒன்றுக்கும் உதவாதவை. இருபதாவதில் நம் ஊர்த் தேர் அசைந்து வருகிறது. அந்த ஒன்றுக்காகத்தான் விரல் இன்னும் இருபதைத் தள்ளுகிறது.

இப்படிப்பட்ட இடத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, உள்ளேயிருந்தபடியே ‘இத்துடன் போதும்’ என்று எழுந்துவிடலாம் என நீங்கள் ஒவ்வோர் இரவும் நம்புகிறீர்கள். தவறு அங்கேதான் நேர்கிறது என்று நினைக்கிறேன். 2010இல் இங்கே இரண்டு சூதாட்டக்கூடங்கள் திறந்தபோது, குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 24 மணி நேரத்துக்கு 100 வெள்ளி நுழைவுக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று விதித்தார்கள். 2019இல் அது 150 வெள்ளியாயிற்று. என்னை உள்ளே விடாதீர்கள் என்று ஒருவர் தாமே எழுதிக்கொடுத்துத் தடை வாங்கிக்கொள்ளலாம், குடும்பத்தாரும் விண்ணப்பிக்கலாம். அந்தத் தடையை வாங்கிக்கொள்பவரை நான் பலவீனர் என்று ஒருபோதும் எண்ணியதில்லை. தன்னை நன்றாக அறிந்தவர் அவர். மேசை முன்னால் போய் உட்கார்ந்தால் எழ முடியாது என்று தெரிந்து, தெளிவாக இருக்கும் ஒரு பகல்பொழுதில் முடிவெடுக்கிறார். தன்னடக்கம் என்பதை நானும் இந்த வயதில் அப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன். அது வாசலில் செய்ய வேண்டிய வேலை.

என் வாசல் படுக்கையறைக் கதவு. சில ஆண்டுகளுக்குமுன், எழுதியதை ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டு, யார் என்ன சொன்னார்கள் என்று நள்ளிரவில் விழித்து விழித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. முஸ்தஃபா கடையில் ஓர் அலாரக் கடிகாரம் வாங்கினேன். கைப்பேசியைச் சமையலறையில் அரிசி டப்பாவின் மேல் வைத்துவிட்டுப் படுத்தேன். முதல் சில இரவுகள் இருட்டில் என் கை தானாகவே தலையணை ஓரத்தைத் தடவித் தேடியது. நான் விழிக்கும் முன்பே கை விழித்திருந்தது. ஏறக்குறைய மூன்றாவது வாரத்தில் அது நின்றது. இன்றும் கைப்பேசி அங்கேதான் உறங்குகிறது. வேண்டுமென்றால் எழுந்து, விளக்கைப் போட்டு, நின்றபடியே பார்க்கலாம். நின்றுகொண்டு ஒரு மணிவரை யாரும் பார்ப்பதில்லை.

ஊரிலிருந்து அவசர அழைப்பு வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஒலியைக் கூட்டி வைத்தால் சமையலறையிலிருந்தும் கேட்கும்.

ஆனால் கடிகாரம் வாங்கினால் மட்டும் போதாது. தீவின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ரயிலில் நின்றுகொண்டு வருகிறீர்கள்; பகல் முழுவதும் பிறர் சொன்னதைச் செய்கிறீர்கள். சாப்பிட்ட பிறகு வரும் நேரம் ஒன்றுதான் உங்களுடையது. படுத்தால் அதுவும் முடிந்து, கண் திறந்தால் மறுபடி துவாஸ். அந்த நாளை முடிய விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளவே நீங்கள் விழித்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் ஊகிப்பது தவறாகவும் இருக்கலாம். சரியென்றால், உங்களுக்கே உங்களுக்கென்று அரைமணி நேரத்தை இரவின் முற்பகுதியிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றி நடங்கள், கீழ்த்தளத்தில் சும்மா உட்காருங்கள். வீட்டில் அதைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

இத்தகைய பழக்கத்தைக் கைப்பேசிக்கு ‘அடிமை’ என்று சொல்வதைக் கேட்டுப் பயந்துவிடவும் வேண்டாம். உலகச் சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில் மின்விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றிருக்கிறது. சமூக ஊடகப் பழக்கத்துக்கென்று தனி நோய்ப்பெயர் அதில் இல்லை. எனினும் தூக்கமும் வேலையும் கெடுவது தொடர்ந்தால், மனநலக் கழகத்தில் இத்தகைய பழக்கங்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, தயங்காமல் போங்கள்.

இனி உங்கள் மகள். 2026 ஜனவரி முதல் உயர்நிலைப் பள்ளிகளில், இடைவேளையும் இணைப்பாட நடவடிக்கையும் உட்படப் பள்ளி நேரம் முழுவதும் மாணவர்கள் கைப்பேசியைப் பயன்படுத்தக் கூடாது. நான்கு ஆண்டுகளில் அவளும் அந்த விதிக்குள் போவாள். அதற்கு முன்பே வீட்டில் அப்பாவுக்கு ஒரு விதி இருப்பதை அவள் பார்க்கட்டும். ‘அன்றைக்கு நீ வந்ததை அப்பா கவனிக்கவில்லை, அது என் தவறு’ என்று அவளிடம் நேராகச் சொல்லுங்கள். ஆனால் ‘நான் கைப்பேசியை எடுத்தால் நீ சொல்லு’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பலர் செல்லமாக நினைத்து இதைச் செய்கிறார்கள். ஒன்பது வயதுக் குழந்தைக்கு அப்பாவைக் கண்காணிக்கும் பொறுப்பு மிகப் பெரிய சுமை. நீங்கள் தவறும் ஒவ்வோர் இரவும் தோற்றுப்போனது அவள் என்றாகிவிடும்.

அடுத்த தாள் வரும்போது, கைப்பேசியை அறையிலேயே விட்டுவிட்டுப் பேனாவோடு மேசைக்கு வாருங்கள். கையெழுத்திடுவதற்குமுன் முழுத் தாளையும் படியுங்கள். எந்தச் சொல்லில் லகர ளகரம் மாறிப்போனது என்று அவளையே கேளுங்கள். என்ன சொன்னாள் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.