கை படாத வண்டி

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் பழைய மாருதி ஜிப்சியைப் பற்றி நீங்கள் அங்கங்கே எழுதியதைப் படித்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில் கேட்கிறேன். ஆனைமலைப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. மழை பிடித்துவிட்டால் காரை ரோட்டிலேயே விட்டுவிட்டு நடக்க வேண்டியதுதான். தோப்புக்கும் ஆச்சு, ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஆஃப்ரோடு போகவும் ஆச்சு என்று நாலு சக்கரமும் இழுக்கும் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றைச் சின்னதாக வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக் கட்டலாம் என்று ஆசை. கையில் ஆறு லட்சம் இருக்கிறது.

மூன்று வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது 2004 ஜிப்சி கிங், டெல்லி எண். வண்டியை ஐந்து அங்குலம் உயரமாகத் தூக்கி, 31 அங்குல டயர், இரும்பு பம்பர், சிக்கினால் இழுத்துக்கொள்ளும் வின்ச் எல்லாம் போட்டு முடித்தது. 4.75 லட்சம் சொல்கிறார்கள். இரண்டாவது 2013 மஹிந்திரா தார் சி.ஆர்.டி.இ. (டீசல்), ஒரே ஓனர், எதுவும் மாற்றவில்லை, 5.25 லட்சம். மூன்றாவது மஹிந்திரா எம்எம் 540 ஜீப், வேறு டீசல் இன்ஜின் ஏற்றியது, 2.6 லட்சம். என் மனசு ஜிப்சியிடம்தான். கட்டின செலவே மூன்று லட்சம் ஆகியிருக்கும், அது நமக்கு லாபம்தானே என்கிறார்கள் நண்பர்கள். அப்பா ஜீப்பைத்தான் எடுக்கச் சொல்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)
பொள்ளாச்சி

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் மனசு எதில் இருக்கிறதோ அதைத்தான் முதலில் வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். ஜிப்சி மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. பிரச்சினை, அதை ஏற்கெனவே ஒருவர் கட்டிவிட்டார் என்பதுதான்.

உங்கள் நண்பர்கள் போட்ட கணக்கை நானும் ஒரு காலத்தில் போட்டேன். என்னுடைய ஜிப்சியும் இப்படித் தூக்கிக் கட்டியதுதான். வாங்கிய இரண்டாவது மாதம், ஒரு எஸ்டேட் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தேன். மழைத் தண்ணீர் அரித்த பள்ளத்துக்கு மேல் முன் சக்கரம் ஒன்று வந்ததும், அது தரையைத் தேடி முழுசாகக் கீழே தொங்கியது. தொங்கட்டும், அதற்காகத்தானே தூக்குகிறோம். ஆனால் அடுத்த நொடி பிரேக் பெடல் கிட்டத்தட்டத் தரையைத் தொட்டது. லோவில் (ஃபோர் வீலில் மெதுவாக, பலமாக இழுக்க இருக்கும் தனி கியர்) முதல் கியரில் இருந்ததால் இன்ஜின் பிடித்துக்கொண்டது. வண்டி தானாக ஊர்ந்து போய் மண்மேட்டில் முட்டி நின்றது. இறங்கிக் குனிந்து பார்த்தேன். வண்டியை ஐந்து அங்குலம் தூக்கியவர் முன் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஹோஸை மாற்றவே இல்லை. கம்பெனியில் வந்த அதே நீளம். சக்கரம் தொங்கும்போதெல்லாம் துணிக்கொடி மாதிரி விறைத்து விறைத்து, அன்றைக்கு முனையில் பிய்ந்துவிட்டது. பிரேக் ஆயில் டயரின் உள்பக்கமாக வழிந்துகொண்டிருந்தது. லட்சக்கணக்கில் செலவு செய்தவர் சில நூறு ரூபாய் ரப்பர் குழாயை மறந்திருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு முழு நாள் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஜிப்சியின் லீஃப் ஸ்பிரிங் (பட்டை பட்டையாக அடுக்கிய வில்) கம்பெனியிலிருந்து வரும்போது, இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் அச்சான ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கும். அதை எடுத்து ஆக்ஸிலுக்கு மேலே வைத்து வெல்டிங் செய்தால் குறைந்த செலவில் ஐந்து அங்குலம் கிடைத்துவிடும். நீங்கள் பார்த்த வண்டியிலும் அநேகமாக இதுதான் நடந்திருக்கும். ஆனால் அப்படிச் செய்தால் இன்ஜின் விசையை ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் செங்குத்தாகிறது, ஸ்டியரிங் ராடு சாய்கிறது, ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ஆக்ஸில் முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்கை எஸ் எழுத்து மாதிரி வளைக்கிறது. இதற்கெல்லாம் மாற்று வேலை உண்டு, தெரிந்து செய்தால் நன்றாகவே ஓடும். கட்டியவர் இதில் எதுவரை செய்தார், எங்கே காசு தீர்ந்து நிறுத்தினார் என்பது பெயின்ட்டைப் பார்த்தால் தெரியாது. மலையில்தான் தெரியும்.

டயர் கதையும் அப்படித்தான். ஜிப்சிக்கு வந்த 205/70 ஆர்15 டயரின் உயரம் சுமார் 26 அங்குலம். 31 அங்குலம் போட்டால் கிட்டத்தட்ட 18 சதவீதம் உயரம் கூடுகிறது. ஜிப்சி கிங்கின் லோ கியர் விகிதம் 2.268. அந்த வண்டியின் உயிரே அதுதான். டயரைப் பெரிதாக்கியதும் அதன் பலன் 1.9 சொச்சமாக இறங்கிவிடுகிறது. பார்க்க ராட்சசன் மாதிரி இருக்கும், ஏற்றத்தில் கிளட்ச் வாசனை வரும்.

அப்புறம் காகிதம். எனக்கு இரும்பைவிடப் பயம் இதில்தான். எந்த மாநிலமானாலும் தனியார் காரின் ஆர்.சி. 15 வருஷம்தான் செல்லும், அதற்குப் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2004 வண்டிக்கு 2019-லேயே முதல் கெடு முடிந்தது. டெல்லியிலோ 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டியை ஓட்டவே கூடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அப்படியிருக்க அது இன்னும் டெல்லி எண்ணிலேயே நிற்கிறது என்றால், இத்தனை வருஷம் எந்தக் காகிதத்தில் ஓடியது? வண்டியை வேறு ஊருக்கு மாற்றத் தரும் தடையில்லாச் சான்று, என்.ஓ.சி., இருக்கிறது என்பார்கள். அது எந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எழுதப்பட்டிருக்கிறது, எந்தத் தேதி என்று பாருங்கள். வேறு ஊர் பெயருக்கு வாங்கிய என்.ஓ.சி. பொள்ளாச்சியில் செல்லாது. இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும். 20 வருஷம் தாண்டிய காரைப் புதுப்பிக்க 2025 ஆகஸ்ட்டிலிருந்து 10,000 ரூபாய் கட்டணம். அது கிடக்கட்டும். எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, அந்தக் கோலத்தில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த முடியுமா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. முன்னால் இரும்பு கார்டு கூடாது என்று 2017-லேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. அதனால் அந்த ஆளிடம் ஒன்று கேளுங்கள்: “கழற்றிய பழைய பம்பர், டயர், ஸ்பிரிங் எல்லாம் தருவீர்களா?” அவர் முகம் போகிற போக்கில் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

அப்பா சொல்லும் ஜீப்பை நான் தள்ளிவிட மாட்டேன். எம்எம் 540-இல் வந்த 2112 சிசி பெஷோ டீசல் இன்ஜினைப் பிரித்துப் போடத் தெரிந்த மேஸ்திரிகள் நம்மூரில் இன்னும் இருக்கிறார்கள். தோப்பில் உரமூட்டை ஏற்ற அதைவிட ஒத்த வண்டி இல்லை. ஆனால் நீங்கள் சொன்னது வேறு இன்ஜின் ஏற்றியது. அந்த இன்ஜின் எண் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா? இல்லையென்றால் 2.6 லட்சத்துக்கு நீங்கள் வாங்குவது வண்டியை அல்ல, பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டிய இரும்பை. ஒரிஜினல் இன்ஜினோடு ஒன்று கிடைத்தால் அப்பா பேச்சைக் கேளுங்கள்.

மிச்சம் இருப்பது தார். இது உங்கள் கண்ணுக்குச் சப்பென்று தெரிகிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது, அதைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். “ஒரே ஓனர், எதுவும் மாற்றவில்லை.” எனக்கு அந்த வரிதான் பிடித்தது. 2.5 லிட்டர் டீசல், 105 குதிரைசக்தி, லோ கியர் உண்டு. குறையும் சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் ஜிப்சி மாதிரி ஒரே ஆக்ஸில் கிடையாது, இரண்டு சக்கரமும் தனித்தனி, டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பிதான் ஸ்பிரிங். அதை முறுக்கி வண்டியை உயர்த்துவது சுலபம் என்று யாராவது சொல்வார்கள். ஓரளவுக்கு மேல் முறுக்கினால் முன்பக்கம் கட்டையாகிவிடும், ஷாஃப்ட்டின் ரப்பர் பூட் கிழிந்துகொண்டே இருக்கும். ஆகவே இதை ரொம்ப உயரத்துக்குக் கட்ட முடியாது. ஒரு சக்கரம் வெறுமனே சுற்றும்போது இரண்டையும் சேர்த்துச் சுழல வைக்கும் பின்பக்க டிஃபரன்ஷியல் லாக் 2015 மாடலில்தான் வந்தது, 2013-இல் இருக்காது. ஜிப்சியைவிட அரை டன்னுக்கு மேல் கனம். கரிசல் சேற்றில் அந்தக் கனம் தெரியும்.

கனத்துக்காகவே ஜிப்சி எனக்கு இன்னும் செல்லம். 1985 டிசம்பரில் 970 சிசி இன்ஜினோடு வந்தது. 1996-இல் கிங் வந்தபோது 1298 சிசி ஆனது. 2000-இல் பெட்ரோலைத் தெளித்துக் கொடுக்கும் எம்.பி.எஃப்.ஐ. வந்து 80 குதிரைசக்தி ஆனது. வெறும் வண்டியின் எடை சுமார் ஒரு டன். நாலு பேர் சேர்ந்து தள்ளினால் நகரும் வண்டி. லிட்டருக்குப் பத்து கொடுத்தால் சந்தோஷப்பட வேண்டும், ஏ.சி. கிடையாது, இடுப்பு போய்விடும். இருந்தாலும் தமிழ்நாட்டு எண்ணில், 2000-க்குப் பிறகு வந்தது, யாரும் கை வைக்காதது ஒன்று கிடைத்தால் தாரை விட்டுவிட்டு அதை எடுங்கள். கிடைப்பது கஷ்டம். ஆறு மாதம் காத்திருக்க முடியுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். (மாருதி ஜிம்னி ஏன் இல்லை என்று வேறு யாராவது எழுதுவார்கள். 2023-இல் வந்த வண்டி ஆறு லட்சத்துக்குள் வராது, அவ்வளவுதான்.)

எதைப் பார்க்கப் போனாலும் கையில் சின்னச் சுத்தியல் ஒன்று கொண்டுபோங்கள். வண்டிக்கு அடியில் படுத்து, பாடியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேசிஸைத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்னும், துரு தின்றது மொத்தென்னும். தேங்காயைத் தட்டிப் பார்த்தே விலை சொல்கிற ஊர்க்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஸ்பிரிங் மாட்டும் கொக்கிகள், பாடி உட்காரும் இடங்கள், பின்கோடியில் இருக்கும் குறுக்குச் சட்டம், இந்த மூன்றும் முக்கியம். புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் பலமாகத் தட்டுங்கள். கடற்கரை ஊர் வண்டியாக இருந்தால் இரண்டு முறை.

அப்புறம் நல்ல ரோட்டில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஃபோர் வீலை மண்ணில்தான் போட்டுப் பார்க்க வேண்டும், கெட்டியான ரோட்டில் போட்டால் கியர்கள் இறுகிக்கொள்ளும். ஜிப்சியில் முன் சக்கர ஹப்பில், சக்கரத்தை ஷாஃப்ட்டோடு இணைக்கும் லாக் இருந்தால் அதைப் போட மறக்க வேண்டாம். லோவில் போட்டு ஏற்றத்தில் ஏற்றி, இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு இறக்குங்கள். கியர் தானாகத் துள்ளி வெளியே வந்தால் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸில் வேலை இருக்கிறது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடித்து மெதுவாக நகர்த்துங்கள். டக் டக் என்று முன்பக்கம் சத்தம் வந்தால் ஜாயின்ட் போய்விட்டது, விலையில் குறைத்துக் கேளுங்கள்.

சரி, வாங்கியாகிவிட்டது, என்ன கட்டலாம்? முதல் மழைக்காலம் முடியும்வரை எதுவும் வேண்டாம். உங்கள் தோப்பு வாய்க்கால் ஒன்றைக் குறுக்காகக் கடந்து பாருங்கள். நேராகப் போகாமல் கொஞ்சம் கோணலாக. முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் எதிர்ப்பக்கச் சக்கரமும் அந்தரத்தில் நிற்கும். ஃபோர் வீல் போட்டிருந்தும் அந்த இரண்டு மட்டும் விர்ரென்று சுற்றும், தரையில் இருக்கும் இரண்டும் சாமி மாதிரி உட்கார்ந்திருக்கும். லாக் இல்லாத டிஃபரன்ஷியல் சுலபமாகச் சுற்றுகிற சக்கரத்தைத்தான் சுற்றும், அதன் குணம் அது. அப்போது ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்துக்கொண்டே இடது காலால் பிரேக்கை லேசாக மிதியுங்கள். சுற்றும் சக்கரம் தடைபட்டு, தரையில் இருப்பதற்குக் கொஞ்சம் விசை போகும். அதுவும் ஆகவில்லையா, இறங்கி நாலு தென்னை மட்டையை அடியில் கொடுங்கள். இதை இருபது முப்பது முறை செய்த பிறகு உங்களுக்கு லாக் வேண்டுமா, உயரம் வேண்டுமா, வெறும் டயர் போதுமா என்று வண்டியே சொல்லும்.

நான் முதலில் செலவு செய்வது டயருக்குத்தான், அதுவும் கம்பெனி அளவிலோ அடுத்த அளவிலோ. சேற்றில் காற்றை 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் அதே டயர் வேறு டயராகிவிடும், அதனால் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரசர் ஒன்று. முன்னும் பின்னும் சேசிஸில் உறுதியாக மாட்டிய இழுக்கும் கொக்கி, நல்ல கயிறு, அதை மாட்டும் இரும்பு வளையமான ஷாக்கிள். வின்ச்சைவிட, கூட வரும் இரண்டாவது வண்டி மேல். இதற்காக ஆறு லட்சத்தில் ஒன்றை ஒதுக்கிவைத்துவிட்டுத் தாரை 4.9-க்குக் கேட்டுப் பாருங்கள்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போயிருக்கிறீர்களா? விடியற்காலையில் அந்தக் கல்லில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்புகளைப் பாருங்கள். லிஃப்ட் இல்லை, வின்ச் இல்லை. ஓட்டுகிறவர் ஒரு கையில் ஸ்டியரிங்கும் இன்னொரு கையில் கியருமாகக் கதை பேசிக்கொண்டே ஏற்றுவார். ஒரு முறை அவருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து காலை மட்டும் கவனியுங்கள்.

இன்னொன்று. “ஆஃப்ரோடு” என்று நீங்கள் எழுதியது காட்டுக்குள் போவதாக இருந்தால், ஆனைமலையில் அது வேண்டவே வேண்டாம். அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் நுழைவது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், வண்டியும் போய்விடும். சொந்தத் தோப்பு, நண்பரின் நிலம், கேட்டு வாங்கிய கல்குவாரி, இவையே ஒரு வருஷத்துக்குப் போதும்.

தாரைப் பார்க்கப் போகும்போது மேஸ்திரி ஒருவரைக் கூட்டிப் போங்கள், அவருக்கு ஒரு நாள் கூலி கொடுங்கள். போட்டோ எடுத்தால் எனக்கும் அனுப்புங்கள். முன்பக்கப் போட்டோ வேண்டாம், அது எல்லா வண்டியிலும் அழகாகத்தான் இருக்கும். பின் குறுக்குச் சட்டமும் ஆர்.சி.யின் இரண்டு பக்கமும் போதும்.

அன்புடன்.